எஃப்.சி.யில் நின்றுபோன கார்: ஒர்க் ஷீட்டில் ஒரு ரிப்பேர் கணக்கு

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாட்டுக் கேட்போம், சினிமா பார்ப்போம், ரயில் டிக்கெட் எடுப்போம். ஒர்க் ஷீட் என்று ஒன்று இருப்பது தெரியும். திறந்தால் கட்டம் கட்டமாக வரும். "இது ஆபீஸ்காரர்கள் சமாச்சாரம்" என்று மூடிவிடுவோம். இந்த மாதப் பாடத்தில் அதே கட்டங்களை வைத்து வீட்டுக்கு உதவும் ஒரு வேலையைச் செய்யப் போகிறோம். எஃப்.சி. சோதனையில் தேறாத பழைய காரை எந்த வரிசையில், எவ்வளவு செலவில் சரிசெய்வது என்று கணக்குப் போடப் போகிறோம்.

பாடத்துக்குத் தேவையானவை மூன்று. ஒரு கம்ப்யூட்டர், அதில் எக்ஸெல் அல்லது லிப்ரே ஆபீஸ் கால்க், பிறகு உங்கள் வண்டியின் ஆர்.சி. புக். கால்க் இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர். கீழே சொல்லும் எல்லாமே இரண்டிலும் நடக்கும். தமிழில் டைப் செய்ய விண்டோஸிலேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. செட்டிங்ஸில் அதைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டித் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம்.

உதாரணத்துக்கு என் காரையே எடுத்துக்கொள்கிறேன். நான் வேலூரில் வசிக்கிறேன். வேலை ஆம்பூரில், ஒரு ஷூ கம்பெனியின் கணக்குப் பிரிவில். கார் 2009-ல் வேலூரில் பதிவான சிறிய பெட்ரோல் வண்டி, டி.என்.23. பதினைந்து வருடம் 2024-ல் முடிந்தது. பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் காட்டியபோது எட்டுக் குறைகள் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலில் விதி என்ன என்று தெரிந்துகொள்வோம்

வாடகைக் கார், லோடு ஆட்டோ, லாரி போன்றவற்றுக்குத்தான் எஃப்.சி. என்பது அடிக்கடி வரும். எட்டு வருடம் தாண்டிய வணிக வாகனம் ஆண்டுதோறும் காட்ட வேண்டும். ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் தோல் ஏற்றிப்போகும் வண்டிக்காரர்களைக் கேட்டால் இதைப் பற்றி ஒரு கதையே சொல்வார்கள். நம் சொந்தக் காருக்கு அந்தத் தொல்லை இல்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 41-ஆம் பிரிவின்படி பதிவு 15 வருடம் செல்லும். அதன்பின் ஒவ்வொரு ஐந்து வருடத்துக்கும் புதுப்பிக்க வேண்டும். அப்போது மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது நம் ஊர் பேச்சில் 'பிரேக் இன்ஸ்பெக்டர்', வண்டியைப் பார்த்துத் தகுதி என்று சொல்ல வேண்டும். இதையும் நாம் எஃப்.சி. என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

பதினைந்து வயதாகிவிட்டாலே காரை ஓட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் விதி கிடையாது. சோதனையில் தேறினால் ஐந்து வருடம் தாராளமாக ஓட்டலாம். அரசுக்குச் சொந்தமான வாகனங்களுக்குத்தான் 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருடத்துக்குப் பிறகு பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. "சட்டம் வந்துவிட்டது, வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் உடனே பயந்துவிட வேண்டாம்.

ஆனால் தள்ளிப்போடக் கூடாது. பதிவு முடிந்த வண்டி, பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் பணம் கேள்விக்குறியாகும். தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு கார் திருடுபோன வழக்கில், பதிவில்லாமல் ஓட்டியது பாலிசியின் அடிப்படை நிபந்தனையை மீறியது, ஆகவே இழப்பீடு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2021 செப்டம்பர் 30 அன்று தீர்ப்பளித்தது.

கட்டணத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கார் பதிவுப் புதுப்பிப்புக்கு முன்பு ரூ.600 இருந்தது. 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆனது. தாமதித்தால் மாதத்துக்கு ரூ.500 கூடுதல். 2025 ஆகஸ்டில் வந்த திருத்தத்தின்படி 20 வருடம் தாண்டிய காருக்கு ரூ.10,000. இவை தவிரத் தமிழ்நாட்டில் பசுமை வரி தனி. கட்டணங்கள் மாறக்கூடியவை என்பதால் பணம் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும்.

படி 1: எத்தனை நாள் இருக்கிறது?

ஒர்க் ஷீட்டைத் திறக்கவும். மேலே ஏ, பி, சி என்று எழுத்துகளும் இடது ஓரத்தில் 1, 2, 3 என்று எண்களும் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் 'செல்' என்று பெயர். ஏ என்ற பத்தியும் 1 என்ற வரிசையும் சேரும் இடம் ஏ1.

ஏ1 செல்லில் கிளிக் செய்து கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளிக் கீயைத் தட்டவும். இன்றைய தேதி தானாக வந்து உட்காரும். பி1 செல்லில் ஆர்.சி. புக்கில் உள்ள முடிவுத் தேதியை டைப் செய்யவும். இப்போது சி1-ல் கிளிக் செய்து = குறியைத் தட்டவும். மவுஸால் பி1-ஐக் கிளிக் செய்யவும். கழித்தல் குறியைத் தட்டவும். பிறகு ஏ1-ஐக் கிளிக் செய்து என்டர். மீதமுள்ள நாட்கள் வந்துவிடும். எண்ணுக்குப் பதில் ஏதோ ஒரு தேதி தெரிந்தால் கவலை வேண்டாம். அந்தச் செல்லின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மட் செல்ஸ் சென்று, நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

நான் கணக்குப் போட்டது 2024 ஜூன் 10. முடிவுத் தேதி ஜூலை 12. விடை 32. அந்த 32 நாளுக்குள் எட்டுக் குறைகளையும் தீர்த்து வண்டியை மறுபடி காட்ட வேண்டும். முடிவுத் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆகவே உங்கள் வண்டிக்கு இந்த எண் 60-ஐ நெருங்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். ஒருமுறை தேறாவிட்டாலும் இன்னொரு முறை காட்ட நேரம் இருக்கும்.

படி 2: இரண்டு சீட்டுகள், மூன்று பத்திகள்

இப்போது உங்கள் கையில் இரண்டு சீட்டுகள் இருக்கும். ஒன்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த குறைகள். மற்றது மெக்கானிக் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட். இரண்டும் ஒன்றல்ல. இந்தப் பாடத்தில் முக்கியமாக மனதில் வைக்க வேண்டியது இதுதான்.

என் எஸ்டிமேட்டில் பதினைந்து வேலைகள், மொத்தம் ரூ.65,900. ஒர்க் ஷாப்காரர் ஏமாற்றவில்லை. "சார், எல்லாத்தையும் சேத்துப் பண்ணிட்டா அஞ்சு வருஷத்துக்கு வண்டிய திரும்பிப் பாக்க வேணாம்" என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் எதை இன்றே செய்ய வேண்டும், எதைத் தீபாவளி போனஸுக்குத் தள்ளலாம் என்று அந்தச் சீட்டைப் பார்த்தால் தெரியாது. பெயின்டிங்கும் பிரேக்கும் அடுத்தடுத்த வரியில் ஒரே மாதிரி எழுதப்பட்டிருந்தன.

பிரித்துப் பார்ப்பதற்கு நல்ல முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1960 முதல் பழைய கார்களுக்குக் கட்டாயச் சோதனை நடக்கிறது. 2018 மே முதல் அங்குள்ள அறிக்கையிலேயே குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று வகை பிரித்துத் தருகிறார்கள். நமக்குக் கிடைக்கும் சீட்டில் அப்படி இருக்காது. நாமே பிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து முதல் வரிசையில் ஏ1 முதல் ஜி1 வரை இந்தத் தலைப்புகளை டைப் செய்யவும்:

ஏ: எண்
பி: வேலை
சி: கட்டாயம்
டி: பாதுகாப்பு
இ: பிறகு
எஃப்: ஆன செலவு
ஜி: வித்தியாசம்

இன்ஸ்பெக்டர் சீட்டில் இருக்கும் குறைக்கான தொகை 'கட்டாயம்' பத்தியில் போகும். சீட்டில் இல்லை, ஆனால் விட்டால் உயிருக்கோ இன்ஜினுக்கோ ஆபத்து என்றால் 'பாதுகாப்பு'. மற்றதெல்லாம் 'பிறகு'. ஒரு வேலையின் தொகையை மூன்றில் ஒரு பத்தியில் மட்டும் போட வேண்டும். மற்ற இரண்டும் காலியாக இருக்கட்டும்.

கவனிக்க: தொகையை 3200 என்று எண்ணாக மட்டும் டைப் செய்யவும். 'ரூ.3200' என்று அடித்தால் கம்ப்யூட்டர் அதை எழுத்து என்று நினைத்துக்கொள்ளும், கூட்டலில் சேர்க்காது. எண் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் நிற்கும். பார்த்தவுடனே கண்டுபிடிக்கலாம்.

என் ஷீட் இப்படி இருந்தது. தொகைகள் என் வண்டிக்கு எங்கள் ஊரில் சொன்னவை. உங்களுக்கு மாறும்.

கட்டாயம்:
1. முன் பிரேக் காலிப்பர் சர்வீஸ், பேடு: 3200
2. ஹேண்ட் பிரேக் கேபிள், பின் பிரேக் ஷூ: 2400
3. வலது ஹெட்லைட் புதிது: 1800
4. முன் டயர் இரண்டு: 7000
5. பின் இண்டிகேட்டர்: 250
6. சைலன்சர் புதிது: 4500
7. சேஸிஸ் எண் சுத்தம் செய்தல்: 200
8. புகைச் சோதனைக்காக ஸ்பார்க் பிளக், ஏர் ஃபில்டர், டியூனிங்: 1450

பாதுகாப்பு:
9. பின் வீல் சிலிண்டர், பிரேக் ஆயில்: 1600
10. ரேடியேட்டர் ஹோஸ், கூலன்ட்: 1900
11. பெட்ரோல் ஹோஸ்: 600

பிறகு:
12. முழு பெயின்டிங்: 22000
13. சீட் கவர்: 7500
14. ஏ.சி. ரிப்பேர்: 6500
15. கதவு டிங்கரிங்: 5000

ஆம்பூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தோல் நம் கையெட்டும் தூரத்தில் கிடைக்கிறது, தைப்பவரும் தெரிந்தவர், சீட்டை லெதரில் மாற்றிவிடலாமே என்று ஆசை வரும். எனக்கும் உண்டு. ஆனால் அது 'பிறகு' பத்தியில்தான் உட்கார வேண்டும்.

படி 3: கூட்டல்

தலைப்பு வரிசை 1-ல் இருப்பதால் பதினைந்து வேலைகளும் 2 முதல் 16 வரை இருக்கும். சி17-ல் கிளிக் செய்யவும். எக்ஸெலில் ஹோம் பகுதியில் உள்ள ஆட்டோசம் பட்டனையும், கால்க்கில் ஃபார்முலா பாரில் சிக்மா வடிவில் இருக்கும் பட்டனை அழுத்திச் சம் என்பதையும் தேர்ந்தெடுக்கவும். உடனே என்டர் தட்டிவிடாதீர்கள்! நம் பத்திகளில் காலி செல்கள் இருப்பதால், எதிலிருந்து எதுவரை கூட்ட வேண்டும் என்று கம்ப்யூட்டர் தவறாக ஊகிக்கலாம். மவுஸால் சி2 முதல் சி16 வரை இழுத்துக் காட்டிவிட்டுப் பிறகு என்டர் தட்டவும்.

இனி டி17, இ17 இரண்டுக்கும் மறுபடி இதைச் செய்ய வேண்டாம். சி17-ன் வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து எஃப்17 வரை வலப்பக்கம் இழுக்கவும். ஒவ்வொரு பத்திக்கும் அதனதன் கூட்டல் வந்துவிடும். அவ்வளவுதான்!

எனக்கு வந்த விடை: கட்டாயம் 20,800. பாதுகாப்பு 4,100. பிறகு 41,000. எஸ்டிமேட்டில் மிகப் பெரிய பங்கு சோதனைக்குச் சம்பந்தமே இல்லாத வேலைகள். ரூ.65,900 என்ற எண்ணைப் பார்த்தபோது காரை விற்றுவிடலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. ரூ.24,900 என்று பார்த்தபோது அந்தப் பேச்சு நின்றது.

படி 4: குறையின் காரணத்தைக் கேளுங்கள்

இன்ஸ்பெக்டர் எழுதுவது அறிகுறி. டாக்டர் சீட்டில் 'காய்ச்சல்' என்று எழுதுவது போல. எதனால் என்று தெரிந்தால்தான் எந்தப் பாகத்தை மாற்றுவது, எதை மாற்றாமல் சரிசெய்வது என்று பேச முடியும். ஷீட்டில் எச் என்று ஒரு பத்தி சேர்த்து, 'காரணம்' என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு குறைக்கும் மெக்கானிக் சொல்வதை எழுதுங்கள்.

பிரேக்: என் சீட்டில் 'பிரேக் போட்டால் இடப்பக்கம் இழுக்கிறது' என்று இருந்தது. இழுக்கும் பக்கத்தில் கோளாறு என்றுதான் பலர் நினைப்பார்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் பார்க்க வேண்டும். என் வண்டியில் வலது முன் சக்கரத்தின் காலிப்பர் பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. வலது சக்கரம் சரியாகப் பிடிக்காததால், நன்றாகப் பிடிக்கும் இடது பக்கம் வண்டி திரும்பியது. வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அவசரமாக பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். வேறு எதில் பேரம் பேசினாலும் இதில் பேசாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 கி.மீ. வேகத்தில் வரும் கார் கால் பிரேக் போட்டால் 13 மீட்டருக்குள் நின்றாக வேண்டும்.

வீல் சிலிண்டர்: இது இன்ஸ்பெக்டர் சீட்டில் இல்லை. பின் சக்கர டிரம்மைக் கழற்றியபோது மெக்கானிக் காட்டினார். லேசாக ஆயில் கசிந்திருந்தது. அன்றைக்குச் சோதனையில் தெரியாது. இன்னும் சில மாதத்தில் கசிவு பிரேக் ஷூவில் ஏறிப் பிடிப்பு போய்விடும். 'பாதுகாப்பு' என்று தனிப் பத்தி வைத்ததன் பயன் இதுதான். சோதனையில் தேறுவது வேறு, பத்திரமாக ஓட்டுவது வேறு.

ஹெட்லைட்: ஒளி மங்கலாக இருந்தால் முழு ஹெட்லைட்டையும் மாற்றச் சொல்வது வழக்கம். அதற்கு முன் பல்பையும் எர்த் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் ஒயர் பாடியில் சேரும் இடம் துருப்பிடித்தால் கரன்ட் சரியாகப் போகாது. எனக்கு அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, புது பல்பு போட்டதிலேயே சரியாகிவிட்டது.

டயர்: பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. தேய்வு மட்டுமல்ல, வயதும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வேலூர் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு, பட்டன் இருந்தாலும் ரப்பர் வெடிப்பு விடும்.

புகை: 2009-ல் வேலூரில் பதிவான பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் பாரத் ஸ்டேஜ் 2 வகை. இவற்றுக்கு ஐடிலிங்கில் கார்பன் மோனாக்சைடு 0.5 சதவீதத்தையும், ஹைட்ரோ கார்பன் 750 பி.பி.எம்.மையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது தாண்டியது என்று பாருங்கள். ஹைட்ரோ கார்பன் மட்டும் ஏறினால் பெட்ரோல் சரியாக எரியாமல் வெளியே வருகிறது என்று பொருள். முதலில் ஸ்பார்க் பிளக்கைப் பார்க்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆக்சிஜன் சென்சார், ஏர் ஃபில்டர் பக்கம் போக வேண்டும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முதலில் அதை அடையுங்கள். வெளிக்காற்று கலந்தால் மெஷின் காட்டும் அளவே சரியாக இருக்காது.

சேஸிஸ் எண்: ஆர்.சி.யில் உள்ள எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்துப்போக வேண்டும். அழுக்கும் துருவும் மூடியிருந்தால் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். கிரைண்டர் வைக்க விடாதீர்கள். எண் அழிந்துபோனால் பெரிய சிக்கல்.

ரேடியேட்டர்: எங்கள் பகுதிக்கே உரிய விஷயம் இது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றங்கரையில் நிலத்தடி நீர் உப்பேறிப்போனது ஊரறிந்த கதை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பு வந்த வழக்கு அது. அந்த போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், உலோகம் அரிக்கும். கூலன்ட், அல்லது கூலன்ட்டுடன் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். இன்ஸ்பெக்டர் இதைக் குறையாக எழுத மாட்டார். ஆனால் மே மாத வெயிலில் இன்ஜின் கொதித்து நின்றால், இதுவரை செய்த செலவெல்லாம் போய்விடும்.

படி 5: எஸ்டிமேட்டும் பில்லும்

வேலை முடிய முடிய எஃப் பத்தியில் பில் தொகையைப் போட்டுக்கொண்டே வரவும். பிறகு ஜி2-ல் கிளிக் செய்து = குறி தட்டவும். சி2-ஐக் கிளிக் செய்யவும், + தட்டவும், டி2-ஐக் கிளிக் செய்யவும், கழித்தல் குறி தட்டவும், எஃப்2-ஐக் கிளிக் செய்து என்டர். இரண்டு பத்தியையும் ஏன் கூட்டுகிறோம்? தொகை எந்தப் பத்தியில் இருந்தாலும் ஒரே ஃபார்முலா வேலை செய்யத்தான். காலி செல்லைக் கம்ப்யூட்டர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். இப்போது ஜி2-ன் மூலைச் சதுரத்தைப் பிடித்து ஜி12 வரை கீழே இழுக்கவும். ஜி17-ல் பழையபடி கூட்டல் போடவும்.

எனக்கு ஆன செலவு: காலிப்பர் 3200. ஹேண்ட் பிரேக் 1100 (கேபிள் மட்டும், ஷூ நன்றாக இருந்தது). ஹெட்லைட் 450. டயர் 7200. இண்டிகேட்டர் 150. சைலன்சர் 700 (தகடு கெட்டியாக இருந்ததால் வெல்டிங் போதுமானது). சேஸிஸ் எண் 0. டியூனிங் 1450. வீல் சிலிண்டர் 1600. ரேடியேட்டர் வேலை 2100. பெட்ரோல் ஹோஸ் 600. மொத்தம் ரூ.18,550. கட்டாயமும் பாதுகாப்பும் சேர்ந்த எஸ்டிமேட் ரூ.24,900. வித்தியாசம் ரூ.6,350. மெக்கானிக்கிடம் சண்டை போட்டு மிச்சமானதல்ல இது. "அண்ணே, இது மாத்தணுமா, சரிபண்ணா போதுமா?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டதில் மிச்சமானது. காலிப்பர், வீல் சிலிண்டர் வேலைகளில் ஒரு ரூபாயும் குறையவில்லை என்பதையும் பாருங்கள். அங்கே குறையவும் கூடாது.

படி 6: வைத்துக்கொள்வதா, விடுவதா?

கடைசியாக ஒரு கணக்கு. தேறினால் ஐந்து வருடம், அதாவது 60 மாதம் ஓட்டலாம். மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது? காலியான ஒரு செல்லில் = தட்டி, திறக்கும் அடைப்புக்குறி போட்டு, எஃப்17-ஐக் கிளிக் செய்து, +5000 என்று அடித்து, மூடும் அடைப்புக்குறி போட்டு, /60 என்று முடித்து என்டர் தட்டவும். எனக்கு 392.5 வந்தது. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் கம்ப்யூட்டர் 5000-ஐ மட்டும் 60-ஆல் வகுத்துவிட்டுப் பிறகு கூட்டும். விடை பதினெட்டாயிரத்துக்கு மேல் வந்து நிற்கும். வகுத்தலும் பெருக்கலும் முதலில், கூட்டலும் கழித்தலும் பிறகு என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

எஸ்டிமேட்டில் இருந்த எல்லாவற்றையும் செய்திருந்தால் இதே கணக்கு மாதம் சுமார் ரூ.1,182 என்று வரும். பசுமை வரி, புகைச் சான்று, இன்ஷூரன்ஸ் இவற்றுக்குத் தனி வரிசை சேர்த்து உங்கள் தொகையைப் போட்டுப் பாருங்கள்.

எல்லா வண்டிக்கும் விடை 'ரிப்பேர் செய்' என்று வராது. அடிப்பகுதி துருவேறி ஓட்டை விழுந்திருந்தாலோ, இன்ஜின் ஆயிலைக் குடித்தாலோ, மாதக் கணக்கு உங்கள் பட்ஜெட்டைத் தாண்டும். அப்போது 2021-ல் வந்த மத்திய விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்கலாம். அங்கே தரும் ஒப்படைப்புச் சான்றைக் காட்டினால், புதிய வண்டிக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மாநிலங்களுக்கு அந்த விதிகள் இடம் தருகின்றன. காயலான் கடையில் போட்டால் இந்தச் சான்று கிடைக்காது. ஆர்.சி.யும் உங்கள் பெயரிலேயே நிற்கும்.

இன்டர்நெட்டில் விண்ணப்பம்

மறுபடி காட்டுவதற்கு முன், மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் பதிவுப் புதுப்பிப்புக்கு விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். இதற்கான விண்ணப்பம் படிவம் 25. வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கேட்கும். ஆர்.சி.யில் பதிந்த மொபைலுக்கு ஓ.டி.பி. வரும். பழைய மொபைல் எண் என்றால் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வரி ரசீது ஆகியவற்றை ஸ்கேன் செய்து, ஒர்க் ஷீட் இருக்கும் அதே ஃபோல்டரில் வைத்தால் தேட வேண்டியிருக்காது.

எச்சரிக்கை: இணைய முகவரி 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே எண்களைக் கொடுக்கவும். 'உங்கள் வண்டிக்கு அபராதம், இதை இன்ஸ்டால் செய்யவும்' என்று வாட்ஸ்அப்பில் பரிவாகன் பெயரில் வரும் ஏ.பி.கே. ஃபைலைத் தொடவே வேண்டாம். அது மொபைலில் வரும் ஓ.டி.பி.யைத் திருடும் மோசடி.

பயிற்சி

1. உங்கள் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றின் முடிவுத் தேதிகளையும் ஒரு ஷீட்டில் போட்டு, மீதமுள்ள நாட்களைக் கண்டுபிடியுங்கள். பாரத் ஸ்டேஜ் 4-க்கு முந்தைய வண்டிக்குப் புகைச் சான்று ஆறு மாதம்தான் செல்லும் என்பதை மறக்க வேண்டாம்.

2. அடுத்த சர்வீஸ் எஸ்டிமேட்டை மூன்று பத்தியாகப் பிரித்துக் கூட்டிப் பாருங்கள். 'பிறகு' பத்தி மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருக்கிறதா?

3. இதே ஷீட்டை வேறு பெயரில் சேவ் செய்து, வீட்டு மோட்டார் ரிப்பேருக்கும் மழைக்கு முன் மாடி ஒழுகல் வேலைக்கும் பயன்படுத்திப் பாருங்கள். தலைப்புகள் மாறவே மாறாது.

சேவ் செய்ய கண்ட்ரோல் கீயுடன் எஸ். ஃபைலுக்கு வண்டி எண்ணையும் வருடத்தையும் பெயராக வையுங்கள். என் ஃபைல் 2024 என்று முடிகிறது. அடுத்து அதைத் திறக்க வேண்டிய வருடம் 2029. அன்றைக்கு எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.